எண்ணும் இசையும்: விபுலானந்த அடிகளாரின் பல்துறை ஆய்வும் மதுரைத் தமிழ்ச் சங்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்துக் காரைதீவில் பிறந்து, அறிவியல் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர் விபுலானந்த அடிகளார் (1892-1947). கணிதம், இயற்கை அறிவியல், வேதாந்தம், மொழிபெயர்ப்பு, இசை, நாடகம் எனப் பல துறைகளில் அவர் இயங்கினார். இத்துறைகளைத் தனித்தனியே எடுத்துப் போற்றும் மரபே அவரைப் பற்றிய எழுத்துகளில் மிகுதி. அவை அனைத்தும் ஒரே ஆய்வு நெறியின் பல கூறுகள் என்பதை அவரது வாழ்க்கை வரலாற்றின் வழி நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். அந்நெறி உருப்பெற்ற களங்களுள் ஒன்றாக மதுரைத் தமிழ்ச் சங்கம் இங்கு முதன்மைப்படுத்தப்படுகிறது.

திறவுச் சொற்கள்: விபுலானந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கம், மதங்க சூளாமணி, யாழ் நூல், அலகு, கலைச்சொல்லாக்கம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ்ப் புலமையுலகு இரு கூறாகப் பிரிந்து நின்றது. ஏடும் உரையும் கற்றுத் தேர்ந்த பண்டிதர் ஒருபுறம்; ஆங்கிலவழிக் கல்லூரிகளில் கணிதமும் அறிவியலும் பயின்ற பட்டதாரிகள் மறுபுறம். முன்னவர்க்குச் சோதனைச்சாலை அயலது. பின்னவர்க்கு அடியார்க்கு நல்லார் அயலவர். இவ்விரு கூறுகளும் ஒருவரிடத்தே கூடுமாயின் தமிழாய்வு என்னவாகும் என்னும் வினாவுக்கு விடையாக அமைந்தது விபுலானந்த அடிகளாரின் வாழ்வு.

அவரைத் துறவி என்றும், யாழ் ஆய்வாளர் என்றும், முதல் தமிழ்ப் பேராசிரியர் என்றும் அறிமுகப்படுத்துவது வழக்கம். இவ்வறிமுகங்கள் பொருத்தமானவையே. ஆயினும் நாடகம் பற்றி எழுதியவரும், கலைச்சொல் ஆக்கியவரும், நரம்பின் விகிதங்களைக் கணித்தவரும் மூவராகத் தோன்றும் நிலை இவற்றால் ஏற்படுகிறது. அம்மூவரும் ஒருவரே என்பதைக் காலமுறைப்படி காண்பது தேவையாகிறது.

காரைதீவில் தொடங்கிய இருவகைக் கல்வி

மட்டக்களப்புப் பகுதியில் உள்ள காரைதீவில் 1892 மார்ச் 27இல் சாமித்தம்பி, கண்ணம்மா இணையருக்கு மகனாக அவர் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டில்தான் உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு, அரும்பதவுரையுடனும் அடியார்க்கு நல்லார் உரையுடனும் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் தம் ஆற்றல் முழுவதையும் செலுத்திய நூல் அவர் பிறந்த ஆண்டிலேயே அச்சுக்கு வந்தது தற்செயல் ஒற்றுமையே. எனினும் அவர் தலைமுறைக்குக் கிடைத்த வாய்ப்பை அது சுட்டுகிறது. ஏட்டுச்சுவடியைத் தேடி அலையவேண்டிய காலம் ஓரளவு கழிந்து, அச்சிட்ட நூலின் பொருளைத் தேடவேண்டிய காலம் தொடங்கியிருந்தது.

கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனன் பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்பு சென்றபோது தென்கோவை கந்தையாபிள்ளையிடம் தமிழிலக்கியம் பயிலும் வாய்ப்பு அமைந்தது. பின்னர்க் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து அறிவியலில் டிப்ளமோ பெற்றார். பகலில் சோதனைச்சாலையும் மாலையில் சங்க இலக்கியமும் என இரு கல்வியும் உடன் நிகழ்ந்தன. ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கியவர் அல்லர் அவர். பிற்கால ஆய்வுகளின் இயல்பை விளங்கிக்கொள்ள இவ்வுடனிகழ்ச்சி அடிப்படையானது.

மதுரைத் தமிழ்ச் சங்கமும் பண்டிதப் பட்டமும்

மதுரைக்குத் தெற்கே, கரிசல் நிலத்தில் அமைந்த பாலவநத்தம் சமீனின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் சொற்பொழிவு நிகழ்த்த வந்த அவர் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியபோது அந்நகரில் எளிதில் கிடைக்கவில்லை என்றும், அவ்வருத்தமே சங்கம் தோன்றக் காரணமாயிற்று என்றும் கூறுவர். 1901 செப்டம்பர் 14இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், 1902இல் தொடங்கிய செந்தமிழ் இதழ் ஆகியவை அதன் உறுப்புகளாயின. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைகளில் சங்கம் தேர்வுகளை நடத்தியது.

இத்தேர்வு முறையின் சிறப்பு அதன் பரப்பில் உள்ளது. ஆசிரியர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து பாடம் கேட்டவர்க்கே புலமை உரியது என்றிருந்த நிலையில், பாடத்திட்டம் வகுத்து, வினாத்தாள் அமைத்து, தேறியவர்க்குச் சான்று வழங்கும் முறை பரவலாயிற்று. கடல் கடந்து வாழ்ந்த மாணவர்க்கும் அதன் கதவு திறந்தது. 1916இல் மயில்வாகனன் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். ஈழத்திலிருந்து அப்பட்டம் பெற்ற முன்னோடிகளுள் அவர் ஒருவர். அறிவியல் டிப்ளமோவும் பண்டிதப் பட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவர் கைக்கு வந்தன.

அதன்பின் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அக்கால நோக்கில் உயர்ந்த பதவியும் நல்வாழ்வும் உறுதியாகிவிட்ட நிலை இது. அந்நிலையில்தான் அவர் துறவை நாடினார்.

துறவும் வேதாந்த மொழிபெயர்ப்பும்

1922இல் சென்னை மயிலாப்பூரில் உள்ள இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்த அவர் பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பெற்றார். 1924இல் துறவுநிலை எய்தி விபுலானந்தர் ஆனார். மடத்தின் தமிழ் இதழான இராமகிருஷ்ண விஜயம், ஆங்கில இதழான வேதாந்த கேசரி ஆகியவற்றின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. விவேகானந்தரின் ஞானயோகம், கருமயோகம் முதலியவற்றைத் தமிழாக்கினார்.

இம்மொழிபெயர்ப்புப் பணி சமயத் தொண்டாக மட்டும் கருதப்படுவதுண்டு. மொழிபெயர்ப்பியல் நோக்கில் அதன் சிக்கல் வேறானது. விவேகானந்தர் வடமொழி வேதாந்தக் கருத்துகளை மேலைநாட்டு அவையினர்க்காக ஆங்கிலத்தில் விளக்கியவர். வடமொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒருமுறை பெயர்ந்த கருத்தை மீண்டும் இந்திய மொழியொன்றுக்குக் கொணர வேண்டியிருந்தது. ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றினால் கருத்து திரியும். வடசொல்லை அப்படியே இட்டால் தமிழ் வாசகர் விலகுவர். சைவசித்தாந்தச் சொல்லைப் பெய்தால் அத்துவிதம் வேறொன்றாகிவிடும். சைவக் குடும்பச் சூழலில் வளர்ந்து, வடமொழியும் ஆங்கிலமும் பயின்ற அடிகளார் இம்மூன்று நிலைகளையும் உள்ளிருந்து அறிந்தவர். ஒரு சொல் எந்தத் துறைக்கு உரியதோ அந்தத் துறையின் பொருள் எல்லைக்குள் அதனை நிறுத்தவேண்டும் என்னும் பயிற்சியை இப்பணி அவருக்கு அளித்தது. பின்னர்க் கலைச்சொல்லாக்கத்திலும் இசையாய்விலும் அவருக்குத் துணைநின்றது இப்பயிற்சியே.

மதங்க சூளாமணி: மதுரையில் விளைந்த நாடக ஆய்வு

துறவு மேற்கொண்ட அதே 1924ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நாடகம் குறித்து அடிகளார் உரையாற்றினார். அவ்வுரை விரிந்து மதங்க சூளாமணி என்னும் நூலாகி 1926இல் சங்கத்தின் வெளியீடாக வந்தது. உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்று இயல்களை உடையது இந்நூல்.

தமிழில் நாடக இலக்கணம் வகுக்கும் முயற்சி இதற்கு முன்னரும் நிகழ்ந்துள்ளது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற்கலைஞர் 1897இல் நாடகவியல் என்னும் நூலை இயற்றினார். அடிகளாரின் நெறி அதினின்றும் வேறுபட்டது. சிலப்பதிகார உரைகளில் சிதறிக் கிடக்கும் நாடகக் குறிப்புகளைத் தொகுத்து உறுப்பியலில் ஒரு கோட்பாட்டை முதலில் அமைத்தார். எடுத்துக்காட்டியலில் சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை எடுத்து அக்கோட்பாட்டின் வழி விளக்கினார். ஒழிபியலில் தனஞ்சயரின் தசரூபகக் கருத்துகளைத் தந்தார். சேக்சுபியர் அவரிடம் செகசிற்பியார் ஆனார். மதங்கர் என்பது கூத்தரைக் குறிப்பது. நூலின் பெயர் அக்கூத்தருள் முடிமணியாகிய அப்புலவரையே சுட்டி நின்றது.

இங்கு நோக்கத்தக்கது ஒப்பீட்டின் திசை. மேலை இலக்கியத்தின் அளவுகோலால் தமிழை அளந்து, குறையோ நிறையோ கூறுவதே அக்காலத்துப் பெருவழக்கு. அடிகளார் அளவுகோலைத் தமிழிலிருந்து எடுத்தார். நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாக அடியார்க்கு நல்லார் பகுப்பர். விதை முளைத்தல், நாற்றாதல், கருக்கொள்ளுதல், விளைதல், அறுத்துண்ணல் என்னும் பயிர் வாழ்க்கையின் ஒழுங்கே அப்பகுப்புக்கு அடிப்படை. ஐந்து அங்கங்களால் அமைந்த ஆங்கில நாடகத்தை இவ்வைந்து நிலைகளோடு பொருத்திக் காட்டும்போது, வயலை அறிந்த எந்தத் தமிழ் வாசகர்க்கும் கதைப்போக்கு விளங்குகிறது. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளும் அவ்வாறே பயன்கொள்ளப்பட்டன.

இந்நூலின் மொழிநடை இறுக்கமானது. ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் ஒலிக்கும் பொருளுக்கும் இயையுமாறு மாற்றிய முறை பின்வந்தோரிடம் நிலைபெறவில்லை. செகசிற்பியார் என்னும் பெயர் இன்று வரலாற்றுக் குறிப்பாகவே எஞ்சியுள்ளது. ஆயினும் பெயர் மறைந்தாலும் நெறி மறையவில்லை. தமிழ்க் கோட்பாட்டைக் கொண்டு பிறமொழி இலக்கியத்தை நோக்கலாம் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் முன்மாதிரிகளுள் மதங்க சூளாமணி ஒன்றாகும்.

பல்கலைக்கழகமும் கலைச்சொல்லும்

1925 முதல் ஈழத்தில் இராமகிருஷ்ண சங்கப் பள்ளிகளின் வளர்ச்சியில் அடிகளார் ஈடுபட்டார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் உருவாயிற்று. 1931இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்று 1933 வரை பணியாற்றினார். பாரதியார் பாடல்களைப் புலவர் உலகு இலக்கியமாக ஏற்கத் தயங்கிய அக்காலத்தில், பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு மதிப்பு ஏற்படுத்தியவர்களுள் அவர் முன்னிற்பவர். பண்டிதப் பட்டம் பெற்றவர் ஒருவரே இதைச் செய்தது குறிப்பிடத்தக்கது.

உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி பற்றிய பேச்சு வலுப்பெற்ற 1930களில், அறிவியலைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் உண்டா என்னும் ஐயம் எழுந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இவ்வையத்தை எதிர்கொள்ள முன்வந்து, 1936இல் கலைச்சொல்லாக்க மாநாட்டைக் கூட்டியது. அதற்குத் தலைமை ஏற்றவர் அடிகளார். கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரவியல், விலங்கியல், உடலியல் முதலிய துறைகளுக்கு உரிய ஏறத்தாழப் பத்தாயிரம் சொற்கள் திரட்டப்பெற்று 1938இல் கலைச்சொற்கள் என்னும் நூலாக வெளிவந்தன.

இப்பணியில் உயிரியல் துறைகளின் நிலை தனித்தன்மை உடையது. கணிதத்திலும் பௌதிகத்திலும் கருத்து புதிதாயின் சொல்லும் புதிதாக வேண்டும். தாவரத்திலும் விலங்கிலுமோ பொருள் பழையது. உழவரும் மீனவரும் மருத்துவரும் வழங்கும் பெயர்கள் ஏராளம். இலையின் வகைக்கும் பூவின் பருவத்துக்கும் நெல்லின் வளர்நிலைக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்னும் வரிசை இலக்கிய மாணவர் அறிந்ததே. ஆனால் வழக்குச் சொல் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயர் இரு செடிகளைக் குறிப்பதும் உண்டு. அறிவியல் வேண்டுவது ஒரு பொருளுக்கு ஒரு சொல். வழக்கின் வளத்தையும் அறிவியலின் வரையறையையும் இணைப்பதே குழுவின் முன்னிருந்த பணி. அறிவியல் வகுப்பில் கற்பித்த பட்டறிவும் பழந்தமிழ்ப் பயிற்சியும் உடைய ஒருவர் தலைமை ஏற்றது அதற்குப் பெரிதும் பொருந்தியது.

கலைச்சொற்கள் தனித்தமிழில் அமைவதா, வடமொழியில் அமைவதா, ஆங்கிலச் சொற்களையே ஏற்பதா என்னும் பூசல் அடுத்த ஆண்டுகளில் வளர்ந்தது. 1940இல் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழுவைத் தமிழறிஞர்கள் எதிர்த்தமை அப்பூசலின் உச்சம். 1938ஆம் ஆண்டுத் தொகுப்பு அப்போது ஒரு சான்றாக நின்றது. தமிழில் இயலுமா என்னும் வினாவுக்கு, பத்தாயிரம் சொற்களைக் கையில் கொடுத்து விடை கூறும் நிலை ஏற்பட்டிருந்தது. விவாதத்தால் முடியாததைச் செய்துகாட்டி முடிப்பது அடிகளாரின் இயல்பு.

யாழ் நூல்: உரையைக் கணித்தறிதல்

இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரத இதழை நடத்திய 1939-41 காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், அடிகளாரின் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது யாழ். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இவ்வாய்வு நீண்டது. பத்துப்பாட்டிலும் சிலப்பதிகாரத்திலும் விரிவாகப் பேசப்படும் யாழ், வழக்கிலிருந்து முற்றும் மறைந்துவிட்ட கருவி. பாணபத்திரரின் யாழிசை மதுரை ஆலவாய்த் தலத்தின் மரபுக் கதைகளில் நிலைத்திருந்தும், அக்கருவியை நேரில் கண்டவர் எவரும் இலர். எஞ்சியவை சொற்களே. கருவியும் இல்லை, ஒலியும் இல்லை, சொல் மட்டுமே உண்டு என்னும் நிலையில் இசையை மீட்பது எங்ஙனம் என்பதே யாழ் நூலின் அடிப்படைச் சிக்கல்.

அரங்கேற்று காதையின் உரைகளில் எண்கள் உள்ளன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்படுகின்றன, கூட்டுத்தொகை 22. இலக்கிய மாணவர் இதை ஒரு பட்டியலாக மனனம் செய்து கடந்துவிடுவர். இயற்பியல் பயின்றவர்க்கோ இது ஓர் அளவீட்டுக் குறிப்பு. குரலுக்கு மேல் துத்தத்தின் 4, கைக்கிளையின் 3, உழையின் 2, இளியின் 4 ஆகியவற்றைக் கூட்டினால் 13 வரும். இளியிலிருந்து மேல்தானத்துக் குரல் வரை விளரியின் 3, தாரத்தின் 2, குரலின் 4 ஆகியவற்றைக் கூட்டினால் 9 வரும். 13உம் 9உம் சேர்ந்து 22. குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு 3:2 என்னும் விகிதம். இளிக்கும் மேற்குரலுக்கும் உள்ள உறவு 4:3. இவ்விரண்டையும் பெருக்கினால் 2:1 ஆகிய முழுத்தானம் கிடைக்கிறது. உரையின் கூட்டலும் நரம்பதிர்வின் பெருக்கலும் ஒன்றுக்கொன்று இணங்குகின்றன. உரையாசிரியர் கூறியது அளந்தறிந்த மரபு என்பது இதனால் தெளிவாகிறது.

ஏழு பாலைகளின் பிறப்பும் இவ்வாறே விளங்கும். அலகு வரிசையை மாற்றாமல், தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றினால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை ஆகியவை தோன்றும். இன்று இசையறிஞர் பலரும் செம்பாலையை அரிகாம்போதியோடும், இளி குரலாகத் தோன்றும் கோடிப்பாலையைக் கரகரப்பிரியாவோடும் ஒப்பிடுவர். அலகுகளைக் கூட்டிப் பார்க்கும் எவரும் இவ்வொப்புமையைத் தாமே சரிபார்க்க இயலும்.

இங்கு ஒரு கணிதச் சிக்கல் உண்டு. குரலிலிருந்து இளி, அவ்விளியைக் குரலாக்கி அதற்கு இளி எனப் பன்னிரு முறை சென்றால் தொடங்கிய நரம்பை மீண்டும் அடையவேண்டும். ஆனால் 3:2 என்னும் விகிதத்தைப் பன்னிரு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வரும், ஏழு தானங்களின் பெருக்கமோ 128. வட்டம் மூடுவதில்லை, ஒரு சிறு இடைவெளி எஞ்சும். இவ்விடைவெளியை எங்ஙனம் கையாளுவது என்பதில் இசையியலார் வேறுபடுவர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் தானத்தைச் சமமான 24 அலகுகளாகப் பகுத்தார். அடிகளார் 22 அலகு மரபை ஏற்று, விகிதங்களின் வழி அதனை நிறுவ முற்பட்டார். இருவர் முடிவும் வேறாயினும், பழந்தமிழிசையைக் கணக்கிட்டு மெய்ப்பிக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அலகு பற்றிய வாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை.

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என விரியும் இந்நூலில் கருவியின் வடிவம் முதல் தேவாரப் பண்கள் வரை ஒரே தொடராக ஆராயப்படுகின்றன. வில்லின் நாணொலியிலிருந்து வில்யாழ் தோன்றிப் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனக் கருவி வளர்ந்த முறையை நூல் காட்டுகிறது. எண்ணும் எழுத்தும் பிரியாது நிற்கும் ஆய்வாக அது அமைந்தது.

நீரர மகளிர்: இயற்கையை உற்றுக் கேட்டல்

மட்டக்களப்பு வாவி மீன் பாடும் வாவி எனப் பெயர் பெற்றது. நிலவொளி இரவுகளில் கல்லடிப் பகுதியில் நீருக்கடியிலிருந்து இசை போன்ற ஒலி எழுவதாக அவ்வூர் மக்கள் நெடுங்காலமாகக் கூறி வந்தனர். 1848இல் அங்கு வந்த எமர்சன் தெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி அவ்வொலியைக் கேட்டு எழுதியுள்ளார். அது சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளால் எழுவதாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. மீனா, மெல்லுடலியா என்னும் வினா உயிரியலுக்கு உரியது.

இவ்வொலி அடிகளாரையும் ஈர்த்தது. வாவியில் எழும் ஒலியை நரம்புகளின் ஒலியாகக் கேட்டு, நீரர மகளிர் பாடும் இன்னிசையாகச் செய்யுளில் அமைத்தார். அப்பாடல் யாழ் நூலில் இடம்பெற்றுள்ளது. ஆய்வு நூலுக்குள் இத்தகைய கவிதை பொருந்துமா என்று வினவலாம். பழைய உரையில் உள்ள எண்ணை இயற்கையில் கேட்கும் ஒலியோடு வைத்துப் பார்க்கும் முயற்சியே அதிலும் உள்ளது. எனினும் நீர்வாழ் உயிர் எழுப்பும் ஒலியை இசைச்சான்றாகக் கொள்ள இயலாது; அதனைப் பாடலாகவே தந்தமையால் ஆய்வின் வரம்பு மீறப்படவில்லை.

அரங்கேற்றமும் மறைவும்

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் பொறுப்பேற்றார். இரு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறைக்கு முதற் பேராசிரியராக விளங்கிய பெருமை அவருக்கு உரியது. அப்பணியினிடையே யாழ் நூலை நிறைவு செய்தார். தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை 1947இல் வெளியிட்டது. அவ்வாண்டு சூன் 5, 6 ஆகிய நாள்களில், ஞானசம்பந்தர் பாடல் பெற்ற திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது. உடல் நலிவுற்றிருந்தும் அடிகளார் அங்கு வந்து சேர்ந்தார். அவரது ஆய்வின்படி செய்யப்பெற்ற யாழ்க் கருவிகள் அவையில் இடம்பெற்றன. பல நூற்றாண்டுகளாகச் சொல்லாக மட்டுமே இருந்த கருவி மீண்டும் பொருளாக, விரல் பட்டு ஒலிப்பதாக, அவையோர் முன் நின்றது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழிந்து, 1947 சூலை 19இல் கொழும்பில் அவர் மறைந்தார். மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

தம் கணிப்புகளுக்கு எழும் மறுப்புகளைக் கேட்டு விடையளிக்கவோ, கருவிகளைத் திருத்தி அமைக்கவோ, மாணவர் வரிசையொன்றை உருவாக்கவோ அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. கணிதமும் இசையும் பழைய உரையும் ஒருங்கே அறிந்தவரே இந்நூலைத் தொடர்ந்து ஆராய இயலும். அத்தகையோர் அரியராதலின், யாழ் நூல் போற்றப்பட்ட அளவுக்குச் சோதிக்கப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அடிகளாரின் பல்துறைப் பணிகள் ஒரு பொது நெறியால் இணைக்கப்பட்டவை. பழைய உரையின் கூற்றைச் சோதித்தறியத்தக்க கூற்றாகக் கொள்ளுதல் அந்நெறி. மதங்க சூளாமணியில் அச்சோதனைக்குச் சேக்சுபியரின் நாடகங்களும், யாழ் நூலில் நரம்பின் விகிதங்களும் களமாயின. கலைச்சொல்லாக்கத்தில் வகுப்பறையே சோதனைக் களம்.

மதுரைத் தமிழ்ச் சங்கம் அவருக்குப் பட்டம் வழங்கியதோடு நில்லாமல், மரபிலக்கியத்தை முறையாகக் கற்கும் வழியையும், அக்கல்வியைப் புதுத்துறைகளுக்குப் பயன்படுத்தும் மேடையையும் அளித்தது. 1916இல் தேர்வு எழுதியவர் 1924இல் அதே சங்கத்தில் உரையாற்றினார். 1926இல் சங்கம் அவர் நூலை வெளியிட்டது. பத்தாண்டுக்குள் மாணவர் ஆசிரியரானார்.

அடிகளாரின் முடிவுகள் சில இன்று மறுஆய்வை வேண்டி நிற்கின்றன. அடியார்க்கு நல்லார் எடுத்தாண்ட நூல்களுள் பஞ்சமரபு அடிகளாரின் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. அவர் காணாத அந்நூலோடு யாழ் நூலின் அலகுக் கணிப்புகளை ஒப்பிட்டு ஆராய்வது தேவை. கானல்வரிக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்காமையால் நேர்ந்த இடைவெளிகளையும் அவ்வொப்பீட்டில் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். கணக்கில் பிழை காணின் சுட்டித் திருத்துவதே, கணக்கிட்டு எழுதிய ஆசிரியர்க்குப் பின்வருவோர் செய்யும் மதிப்பாகும்.